எட்டு, பதினாறு, இருபத்துநாலு

ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் அக்கட்ட நகத்திக்கறீங்களா? ஆங், போதுமுங்க. நான் ஓசூர் வரைக்கும் போறனுங்க, பேரு லோகு. நீங்க? தருமபுரியா, அப்பச் சரி, அதுவரைக்கும் பேச்சுத் துணையாச்சு. தூங்கறவரா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் வாயை மூடிக்கறேன். நான் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு என்ற கூட்டாளி தாமு சொல்லுவான். சொல்லிட்டிருந்தான். இப்பச் சொல்றதில்லை.

வேலையில சேரத்தானுங்க போறேன். நாளான்னைக்கு சேரோணும். ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்கற மெசின் இருக்குதுல்லைங்க, அதுக்கு ப்ரோக்ராம் எழுதற கம்பெனி. நல்ல கம்பெனிதான். அமைதியா இருக்கும்ங்கறாங்க. எனக்கும் இப்ப அமைதிதான் வேணும்.

இதுக்கு முன்னாடியா? கேம் கம்பெனிங்க. கோயமுத்தூர்ல, பீளமேட்டுல. செல்போன்ல விளையாடுற கேம் செய்யறது. நானும் தாமுவும் சேந்து ஆரம்பிச்சது. எட்டு வருசம். காலேஜ்ல நாலு வருசம் ஒரே ரூமு. அப்புறம் ஒரு அம்மா வந்தாங்க, ஹெலன்னு பேரு. மார்த்தாண்டத்துப் பக்கம். மூணே மாசம்தான். என்னைய எந்திரிச்சுப் போக வெச்சிட்டாங்க. அவங்க ஒண்ணும் பண்ணலைன்னு தாமு சொல்லுவான். நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. பொறாமையில பேசறேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. எனக்கு அந்தக் குணமே கிடையாது. எங்க வீட்டுல யாருக்குமே கிடையாது.

எங்க கேம் ஒரு பரோட்டாக் கடைங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கடை, நீங்கதான் மாஸ்டர். மாவை வீசோணும், தவாவுல போடோணும், திருப்போணும், எண்ணெய் விடோணும், விட்டா கருகிப்போகும், கருகாம எடுத்துப் பார்சல் கட்டோணும். கூட்டம் நின்னு கத்தும். ரோசனை எனக்குத் தோணுனதுங்க. பரோட்டா ரோசனை என்றது. இதைத் தாமு எல்லார்கிட்டயும் சொல்லுவான். அந்தம்மா வந்தப்புறமும் சொன்னான், இல்லைங்கலை. ஆனா அவங்களைப் பத்திச் சொல்லும்போது சத்தம் கொஞ்சம் கூட இருக்கும்.

இப்பப் பாருங்க, ஒவ்வொரு பரோட்டாவும் எந்த நெலமையில இருக்குதுன்னு கம்ப்யூட்டர் ஞாபகம் வெச்சுக்கோணும். தவாவுல இருக்குதா? திருப்பியாச்சா? எண்ணெய் விட்டாச்சா? கருகிருச்சா? பார்சல் ஆயிருச்சா? அஞ்சு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஆமா, இல்லை. நான் எப்பிடி எழுதியிருந்தேன்னா, அஞ்சுக்கும் தனித்தனியா அஞ்சு பேரு வெச்சு, எங்கெங்க வேணுமோ அங்கங்க ஆமா, இல்லைன்னு மாத்தி மாத்தி எழுதியிருந்தேன். ஒரு நாப்பது எடத்துல வரும். எனக்கு நாப்பதும் மனப்பாடம்.

என்ன ஆச்சுன்னா, ஏதோ ஒரு எடத்துல பார்சலுக்கு ஆமா போட்டுட்டு, தவாவுக்கு இல்லை போட மறந்துபோச்சு. ஒரே ஒரு எடம்ங்க. பரோட்டா பார்சலாகிப் போயிருச்சு, ஆனா கணக்குப்படி இன்னும் தவாவுலயே கெடக்குது. கண்ணுக்குத் தெரியாது. பத்து நிமிசம் விளையாடினா தவா பூரா கண்ணுக்குத் தெரியாத பரோட்டா, புதுசு போட எடமில்லை. பேய்ப் பரோட்டான்னு எங்க ஆபீஸ்லயே பேரு வெச்சுட்டாங்க. நான் தேடிட்டுத்தான் இருந்தேன். இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேன். தாமுவுக்குப் பொறுமையில்லை, அந்தம்மாவை வேலைக்கு எடுத்துட்டான்.

அந்தம்மா பதினஞ்சு வருசமா மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ப்ரோக்ராம் எழுதினவங்க. தோட்டத்துல கிணத்து மோட்டார் பக்கத்துல இருக்குமுங்களே, அந்தப் பெட்டி. கேமே விளையாடினதில்லை அவங்க. நாப்பத்திரெண்டு வயசு. முதல் நாள் வந்தாங்க, என்ற ப்ரோக்ராமைப் பொழுது சாயற வரைக்கும் உக்காந்து படிச்சாங்க. ஒரு வார்த்தை குத்தம் சொல்லலை. சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பனுங்க.

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு, கதவுக்குப் பக்கத்துல இருக்கற சுவிட்ச் போர்டுகிட்ட நிறுத்துனாங்க. எட்டுப் பேரு, சின்னப் பசங்க மாதிரி நிக்கறோம். வரிசையா அஞ்சு சுவிட்ச்.

"இது அஞ்சு கேள்வின்னு வெச்சுக்கிடுங்க. எது எது போட்டிருக்கு, எது எது அணைச்சிருக்குன்னு ஒரு பார்வையில தெரியுது, கேட்டியளா. பரோட்டாக்கும் அதே போல ஒரே ஒரு போர்டு போதும். மொத சுவிட்சுக்கு ஒண்ணு, ரெண்டாவதுக்கு ரெண்டு, அடுத்ததுக்கு நாலு, பொறவு எட்டு, பொறவு பதினாறு. ஒவ்வொண்ணும் முன்னதுக்க ரெட்டி. எதை எதைப் போட்டாலும் கூட்டுத்தொகை வேற வேறயா வரும். ஆறுன்னு சொன்னா நாலும் ரெண்டும், எண்ணெய் விட்டுத் திருப்பியாச்சு. வேற எப்படியும் ஆறு வராது."

ஒரு பரோட்டாவுக்கு ஒரே எண்ணு. பார்சல் கட்டும்போது தவா சுவிட்சை அணைச்சு, பார்சல் சுவிட்சைப் போடறது ஒரே வரியில, ஒரே எடத்துல. நாப்பது எடம் இல்லை. இப்பிடி ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஃப்ளாக்குன்னு பேரு. அந்தச் சுவிட்ச் பட்டியல் இருக்குது பாருங்க, அதை நாங்க எழுதறவங்க 'ஈனம்'னு சொல்லுவோம். இங்கிலீஷ்ல எனுமரேசன்ங்கறதோட சுருக்கம்தான். ஆனா தமிழ்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும், நான் என்னத்தைச் சொல்ல.

எனக்குத் தெரியாததா இது? மூணாவது செமஸ்டர்ல படிச்சதுங்க. எம்பத்தொண்ணு மார்க்கு. தாமு அம்பத்தெட்டு. அவன் என்ற பேப்பரைப் பாத்துத்தான் அம்பத்தெட்டே வாங்கினான். அவன் அங்க சுவிட்ச் போர்டுகிட்ட நின்னுக்கிட்டு, "அடேங்கப்பா, அக்கா!"ங்கறான். எட்டு வருசத்துல என்னையப் பாத்து ஒருதரம் அடேங்கப்பான்னதில்லைங்க அவன்.

அன்னைக்கு மத்தியானமே பேய்ப் பரோட்டா போயிருச்சு. ஆபீஸ்ல கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். நல்லாவே தட்டுனேன்.

எங்க ஆபீஸ்க்குக் கீழ ஒரு பேக்கரிங்க. தெனம் நாலு மணிக்கு நானும் தாமுவும் போவோம். ரெண்டு டீ, ஒரு தேங்காய் பன், ஆளுக்குப் பாதி. எட்டு வருசமா அந்த நாலு மணியில எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் கூட வந்ததில்லை. மூணாவது நாள் தாமு, "அக்கா, நீங்களும் வாங்க"ன்னான். அந்தம்மாவும் கெளம்பிட்டாங்க. "மாப்ள வாடா"ன்னான். எனக்கு வேலை இருக்குதுன்னேன். மறுநாளும் கூப்பிட்டான். வேலை இருக்குதுன்னேன். மாடியில சன்னல்கிட்ட நின்னு பாத்தா, ரெண்டு பேரும் பேக்கரி வாசல்ல நிக்கறாங்க. பன் பொட்டலம் கட்டுன தாள்ல அந்தம்மா என்னமோ கட்டம் போட்டுக் காட்டறாங்க, இவன் தலையைத் தலையை ஆட்டறான். மூணு வாரம் கூப்பிட்டானுங்க. நாலாவது வாரம் கூப்பிடறதையே விட்டுப்போட்டான். பாருங்க, எட்டு வருசப் பழக்கம், மூணே வாரத்துல விட்டுப்போச்சு அவனுக்கு.

நான் என்ன பண்ணுனேன், ஒரு டைரியில அந்தம்மாவோட தப்பையெல்லாம் எழுத ஆரம்பிச்சேன். கெட்ட எண்ணமில்லைங்க, கம்பெனி நல்லதுக்கு. பதினாலு எழுதியிருந்தேன். தெனம் பத்து நிமிசம் முன்னாடி வந்து மத்தவங்களைச் சங்கடப்படுத்தறாங்க. மீன் கொழம்பு கொண்டாந்து ஃப்ரிட்ஜ்ல வெக்கறாங்க. நாம கேட்டுட்டுத்தான் இருக்கோம், வாக்கியத்துக்கு ஒருதரம் 'கேட்டியளா'ங்கறாங்க. இப்பிடி. ப்ரோக்ராம்ல தப்பா? அதுல இன்னும் எழுதலை. தேடிட்டு இருந்தேன்.

பெருந்துறை வந்துருச்சா? தண்ணி வேணுங்களா, என்றதைக் குடிங்க, வாய் வைக்காத பாட்டில்தான்.

அப்ப என்ன ஆச்சு, சென்னையிலிருந்து ரகோத்தமன்னு ஒருத்தர் வர்றதா இருந்துச்சு. கேமை வாங்கி வெளியிடற கம்பெனிக்காரர். அவருக்குப் புடிச்சாத்தான் எங்க கம்பெனி நிக்கும், இல்லைன்னா எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காலைல வர்றாரு. புதன்கிழமை போன் போட்டு, முட்டை பரோட்டா இருக்குதான்னு கேட்டாராம். தாமு இருக்குதுன்னு சொல்லிப்போட்டான். இல்லை. வியாழக்கிழமை பாத்து அந்தம்மா லீவு, அவங்கம்மாவுக்குக் கண் ஆபரேசன்.

தாமு என்ற சீட்டுகிட்ட வந்தான். "மாப்ள, அக்கா இல்லைடா. முட்டைக்கு ஒரு ஃப்ளாக் நீயே சேத்துரு. சந்தேகம்னா அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்க."

சந்தேகம்னா! பரோட்டாவே என்றது. அதுல முட்டை ஊத்தறதுக்கு நான் மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேக்கோணுமாம்.

நான் பட்டியலைத் தெறந்தேன். ஆறாவது வரியா முட்டைன்னு எழுதுனேன், எண்ணைப் போட்டேன், மூடிட்டேன். நாலு நிமிசம்கூட ஆகலை. ஓட்டிச் சோதிச்சுப் பாக்கலாம்னு இருந்தேன், மணி நாலு. தாமு வந்து, "என்ன மாப்ள, இன்னைக்காச்சும் டீக்கு வர்றியா?"ன்னான். அந்தம்மா இல்லையே. எந்திரிச்சுட்டேன். தேங்காய் பன்னைப் பிச்சு எனக்குப் பாதி கொடுத்தான். முக்கால் மணி நேரம் பேசிட்டிருந்தோம். ஒருதரம்கூட அக்கான்னு சொல்லலை அவன். நான் எண்ணிட்டே இருந்தேன். மேல வந்தப்பச் சோதிக்கறது சுத்தமா மறந்துபோச்சுங்க.

வெள்ளிக்கிழமை ரகோத்தமன் வந்தாரு. அந்தம்மாவும் காலைல நேரா பஸ்ஸைவிட்டு எறங்கி, முகத்தைக் கழுவிட்டு வந்து உக்காந்துட்டாங்க. எல்லாரும் மேசையைச் சுத்தி நிக்கறோம். செல்லைக் கையில வாங்கி முதல்ல சாதாப் பரோட்டா போட்டாரு. நல்லாப் போச்சு. சிரிச்சாரு. அப்புறம் முட்டையை எடுத்து ஊத்துனாரு.

ஊத்துன நிமிசமே பரோட்டா கரிக்கட்டையாகிப் பொகை வந்துருச்சு. வந்த கையோட அதுவே பார்சல் கட்டிக்கிட்டுத் தாவிப் போயி கவுண்டர்ல உக்காந்துக்குச்சு. கேம்ல இருக்கற கஸ்டமர் கருகுன பார்சலைத் தூக்கி மாஸ்டர் மூஞ்சியில எறியறான். இன்னொண்ணு ஊத்துனாரு. அதேதான். மூணாவதும் ஊத்திப் பாத்துட்டு செல்லைக் கீழ வெச்சுட்டாரு.

"அக்கா, என்னக்கா இது?"ன்னான் தாமு. அந்தக் குரல்ல அவங்ககிட்ட அவன் பேசி நான் கேட்டதில்லை. பொய் சொல்லக் கூடாதுங்க, எனக்கு உள்ளுக்குள்ள எளநி குடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆகா, ப்ரோக்ராம்லயும் ஒண்ணு சிக்கிருச்சு, டைரியில பதினஞ்சாவதுன்னு நினைச்சேன்.

அந்தம்மா பட்டியலைத் தெறந்தாங்க. நான் அவங்க தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். கருகினது எட்டு. பார்சல் பதினாறு. அதுக்குக் கீழ, முட்டை இருபத்துநாலு.

உங்களுக்குப் புரியுதுங்களா? எட்டுக்கு ரெட்டி பதினாறு, பதினாறுக்கு ரெட்டி முப்பத்திரெண்டு. அதுதான் ஆறாவது சுவிட்சு. இருபத்துநாலுக்குன்னு தனிச் சுவிட்சே கிடையாது. எட்டையும் பதினாறையும் கூட்டுனா இருபத்துநாலு. முட்டை ஊத்துனா மெசின் கருகினதையும் பார்சலையும் சேத்துப் போடுது. அது பேர்ல தப்பில்லை.

அந்தம்மா என்ற பக்கம் திரும்பலைங்க. திரும்பியிருந்தாக்கூட தேவலை. "எண்ணு ஒண்ணு மாறிப்போச்சு, ரெண்டு நிமிசம் தருவியளா"ன்னு ரகோத்தமன்கிட்டச் சொன்னாங்க. முப்பத்திரெண்டுன்னு மாத்தி ஓட்டிக் காட்டுனாங்க. அந்த மனுசன் இருபது நிமிசம் செல்லைக் கீழயே வெக்கலை. முட்டை பரோட்டாவா ஊத்தித் தள்ளுறாரு. போகும்போது தாமுவோட கையைப் புடிச்சுக் குலுக்கி, ஒப்பந்தம் அனுப்பறேன்னுட்டுப் போயிட்டாரு.

அதோட விட்டாங்களா? அன்னைக்குப் பொழுது சாஞ்சு பாத்தா, பட்டியல்ல எண்ணையே எடுத்துட்டாங்க. ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு இருந்ததை அழிச்சுட்டு, 'ஒண்ணை ஒரு எடம் தள்ளு', 'ஒண்ணை ரெண்டு எடம் தள்ளு', 'மூணு எடம் தள்ளு'ன்னு எழுதியிருக்காங்க. அடுத்த ஆள் புதுசாச் சேத்தா வரிசையா ஆறு எடம், ஏழு எடம்னு போட்டாப் போதும், ஒரு எடம் தள்ளத் தள்ள மெசினே ரெட்டிச்சுக்கும், நாம ரெட்டிக்க வேண்டியதே இல்லை. "என் மேலதான் தப்பு, மொதல்லயே இப்பிடி எழுதியிருந்தா யாருக்கும் மாறிப்போகாது"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. கொழந்தை கையை விட்டுருமேன்னு ப்ளக் பாயின்ட்ல மூடி போட்டு வெக்கறாங்க பாருங்க, அந்த மாதிரி. யாருக்கு அந்த மூடி? எனக்குத்தானுங்களே! நேரா ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நான் தூங்கியிருப்பேன்.

யார் எதை மாத்துனதுன்னு கம்ப்யூட்டர்ல பேரோட பதிவாகும். திங்கக்கிழமை காலைல தாமு என்னைய மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனான். தண்ணித் தொட்டிகிட்ட நிக்கறோம். எனக்கு மூஞ்சி கொடுக்காம கேக்கறான்.

"மாப்ள, அந்த இருபத்துநாலு நீ போட்டதா?"

"ஆமா."

"தெரியாமப் போட்டியா, தெரிஞ்சு போட்டியா?"

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? தெரியாமன்னு சொல்லியிருப்பீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. தெரியாமன்னு சொன்னா, மூணாவது செமஸ்டர் படிச்ச பையனுக்குத் தெரியறது எனக்குத் தெரியலைன்னு ஆகும். அந்தம்மா சுவிட்ச் போர்டுகிட்ட நின்னு சொல்லிக் கொடுத்தும் மண்டையில ஏறலைன்னு ஆகும். எம்பத்தொண்ணு மார்க்கு வாங்கினவன்.

"தெரிஞ்சுதான்டா போட்டேன்"னேன்.

தொட்டி நெறைஞ்சு தண்ணி வழியுது, தாமு அதையே பாத்துட்டு நிக்கறான். அதுக்குள்ள அந்தம்மா மேல வந்துட்டாங்க, மோட்டாரை நிறுத்தச் சொல்லி வந்தாங்களா, இதுக்குன்னே வந்தாங்களான்னு தெரியலை. தாமு மூஞ்சியைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாங்க.

"தாமு சார், லோகு சார் வேணும்னு செய்யல்ல. வேணும்னு செய்யியவங்க இருபத்துநாலுன்னு போட மாட்டாங்க. எட்டாம் வாய்ப்பாடு நாக்குல வந்துரும், கேட்டியளா. எட்டு, பதினாறு, இருபத்துநாலு. புதுசா எழுதியவங்க எல்லாருக்கும் வரும். நானும் போட்டிருக்கேன். ஒரு தோட்டத்துல ரெண்டு மோட்டாரும் ஒண்ணுபோல ஓடி, குழாயே பிளந்து போச்சு."

தாமு டக்குனு திரும்பி என்னையப் பாத்தானுங்க. அவன் மூஞ்சியில வெளிச்சம் வந்துருச்சு. "அப்பிடியாடா? தெரியாமத்தானா? ஒரு வார்த்தை சொல்லுடா. போதும், கீழ போலாம்."

புதுசா எழுதியவங்களாம்! கேட்டீங்களா அதை? காலேஜையும் சேத்துப் பன்னெண்டு வருசமா எழுதறேன்.

"அவங்க என்னத்துக்கு எனக்குப் பரிஞ்சுட்டு வர்றாங்க? நான் தெரிஞ்சேதான் போட்டேன். அவங்க மாட்டோணும்னுதான் போட்டேன்"னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். பக்கத்து மாடியில துணி காயப்போட்ட பொம்பளை திரும்பிப் பாத்தாங்க.

அந்தம்மா எறங்கிப் போயிட்டாங்க. "எட்டுப் பேரு பொழப்புடா"ன்னான் தாமு. "என்ற பொழப்பும்தான்டா. அதுகூட உனக்குத் தெரியலையா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். போன்னு சொல்லலைங்க அவன். அந்த வாரமே நானா ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வேண்டாம்னு சொல்லுவான்னு பாத்தேன். வாங்கி மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டான்.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? உண்மை என்னன்னா? அதாவது... இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை, என்ற சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது. நீங்க தருமபுரியில எறங்கிப் போயிருவீங்க. அந்தம்மா சொன்னதுதானுங்க நெசம். அந்த நாலு நிமிசத்துல மேல எட்டு இருந்துச்சு, பதினாறு இருந்துச்சு, கையி இருபத்துநாலுன்னு போட்டுருச்சு. அந்தம்மாவைக் கவுக்கோணும்னு அன்னைக்கு நினைக்கவேயில்லை. தப்பு நடந்தா சந்தோசப்படலாம்னுதான் இருந்தேன், நானா பண்ணோணும்னு இல்லை. பண்ணாத பாவத்தைப் பண்ணினேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதுக்காக எனக்குத் தெரியாதுன்னு அர்த்தமில்லைங்க. தெரியும். அந்த நிமிசம் வரலை, அவ்வளவுதான்.

போய்ச் சொல்லிருங்கறீங்களா? யாரு, தாமுகிட்டயா? சொல்லலாம். ஆனா அப்ப அந்தம்மா சொன்னது சரின்னு ஆயிருமுங்களே.

ரெண்டு மாசம் ஒரு போன் இல்லை. நேத்துத் திடீர்னு மெசேஜ் அனுப்பியிருக்கான். அவன் புள்ளைக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை காதுகுத்தாம். "மாப்ள, குடும்பத்தோட வந்துருடா. நீ வந்தாத்தான் சரியா இருக்கும்"னு. பாருங்க, இதோ, அப்பிடியே இருக்குது. நீ வந்தாத்தான் சரியா இருக்கும்னு போட்டிருக்கான். படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் செல்லைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. எனக்கு அவன்மேல எந்தக் கோவமும் இல்லை.

என்ன பதில் போட்டேன்னா? கீழ பாருங்களேன். "ஹெலன் மேடத்தையும் கூப்பிட்டிருக்கியா?"ன்னு கேட்டேன். சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்.

நேத்து மத்தியானமே படிச்சுட்டான். இன்னும் ஒண்ணும் சொல்லக் காணோம்.